கிழமையும் முறையும்: முதுகுன்றத்திலிருந்து தலைமுறை இடைவெளி குறித்து

1. சொல்லும் பொருளும்

தலைமுறை இடைவெளி என்னும் தொடர் இன்று பெரும்பாலும் உடை, உணவு, பாட்டு, கைப்பேசி ஆகியவை பற்றி வீடுகளில் எழும் மனத்தாங்கலைக் குறிக்கவே கையாளப்படுகிறது. இளையோரின் போக்கை மூத்தோர் குறைகூறுவதும், மூத்தோரின் அறிவுரையை இளையோர் சலிப்போடு கேட்பதும் அதன் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. இவை மேற்பூச்சில் தெரியும் கீறல்களே. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறையினர் மூன்று விதமான பாட்டுகளைக் கேட்பதால் எந்தக் குடும்பமும் உடைவதில்லை. நிலம் யாருக்கு, வீடு யாருக்கு, மணமகனையோ மணமகளையோ தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு, தொழிலில் கடைசிச் சொல் யாருக்கு என்னும் வினாக்கள் எழும்போதுதான் குடும்பங்கள் உடைகின்றன. அந்த உரிமை வினாவையே தலைமுறைச் சிக்கலின் நடுவாக வைத்து ஆராய்வது இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ் இரண்டு சொற்களைத் தருகிறது. முதலாவது, கிழமை. உரிமை, உடைமை என்பது இதன் பழம்பொருள்; ஒவ்வொரு நாளும் ஒரு கோளுக்கு உரியது என்னும் கருத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை என்னும் பெயர்கள் அமைந்தன. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் கிழவன், கிழத்தி என்று சுட்டப்படுவோர் நரைத்த முதியவர்கள் அல்லர்; காதல் கொண்ட தலைவனும் தலைவியுமே ஆவர். ஒருவருக்கொருவர் உரியவர் என்பதே அங்குப் பொருள். இளங்காதலரைக் குறித்த அச்சொல் பின்னாளில் முதியவரைக் குறிப்பதாக மாறியிருப்பது, உரிமையும் முதுமையும் தமிழ்ச் சமூக வழக்கில் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துபோயின என்பதை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

இரண்டாவது சொல், முறை. வரிசை, நீதி, உறவு, தவணை ஆகிய நான்கு பொருள்களையும் அது தாங்குகிறது; ஏரிப் பாசனத்தில் ஒரு வயலுக்குரிய நேரம் முடிந்ததும் மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் திருப்புவதை உழவர்கள் முறைவைத்துப் பாய்ச்சுதல் என்பர். தலைமுறை என்னும் சொல்லிலும் அந்த முறை இருக்கிறது. ஒரு தலைக்கட்டின் கையில் இருந்த பொறுப்பு அடுத்ததற்குத் திரும்ப வேண்டிய காலம் உண்டு என்பதைச் சொல்லே உணர்த்துகிறது. கிழமை முறைப்படி கைமாறாதபோது, அதாவது கொடுக்க வேண்டியவர் கொடுக்க மறுக்கும்போதும், பெற்றுக்கொண்டவர் கொடுத்தவரைக் கைவிடும்போதும், இயல்பான இடைவெளி பகையாகத் திரிகிறது என்பதே இங்கு நிறுவப்பட இருக்கும் கருத்து.

2. அனுபவ அடுக்குகள்

தலைமுறை என்பதைச் சமூகவியலின் ஆய்வுப்பொருளாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் அங்கேரியில் பிறந்து செருமனியிலும் பின்னர் இங்கிலாந்திலும் பணியாற்றிய கார்ல் மன்ஹைம் (1893–1947). 1928இல் வெளிவந்த தம் கட்டுரையில், ஒரே ஆண்டில் பிறந்துவிட்டதனாலேயே மக்கள் ஒரு தலைமுறையாகிவிடுவதில்லை என்றும், பருவம் எய்தும் வயதில் எந்த வரலாற்று நிகழ்வுகளுக்கு ஆட்பட்டார்கள் என்பதே அவர்களை ஒரு தலைமுறையாக்குகிறது என்றும் அவர் விளக்கினார். இளமையில் பெறும் அனுபவம் அடித்தளமாகப் படிகிறது; பின்னர் வருவன எல்லாம் அதன்மேல் அடுக்கடுக்காக அமர்கின்றன; ஆகவே ஒரே நிகழ்வை ஒரே நாளில் சந்திக்கும் முதியவரும் இளைஞரும் உண்மையில் ஒரே நிகழ்வைச் சந்திப்பதில்லை. இதனை அவர் அனுபவ அடுக்கு என்றார்.

முதுகுன்றம் என்னும் விருத்தாசலத்தின் வட்டாரத்தாருக்கு இவ்வுவமை அயலானதன்று. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கத்தில், மேல்மண், மணற்கல், வெண்களி என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றை அகற்றிய பின்னரே அடியிலுள்ள பழுப்பு நிலக்கரியைக் காண முடியும். மேலே நிற்பவர் கண்ணுக்கு மேலடுக்குதான் நிலம். அடியில் இருப்பதன் சூடு அவருக்குத் தெரிவதில்லை.

அடுக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் தெருவிற்கு வந்தபோது, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் அண்ணாமலைநகரில், சனவரி 27ஆம் நாள், மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு என்று அன்று பல பெற்றோர் கேட்டிருக்கக்கூடும். இரண்டே ஆண்டுகளில், 1967இல், மாநிலத்தின் ஆட்சியே மாறிற்று. 1965இல் 20 வயதாக இருந்தவர், சல்லிக்கட்டுக்காக 2017 சனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது 72 வயதை எட்டியிருப்பார். கைப்பேசிச் செய்தியைப் பார்த்துத் திரண்ட, மேடையும் தலைவரும் இல்லாத அந்தக் கூட்டத்தை அவர் பெருமிதத்தோடு பார்த்திருக்கலாம், ஐயத்தோடும் பார்த்திருக்கலாம். எப்படிப் பார்த்திருந்தாலும், 1965இன் கண்கொண்டே அதைப் பார்த்திருப்பார்.

மன்ஹைமின் இன்னொரு கருத்து இதனினும் கூர்மையானது. ஒரே தலைமுறைக்குள்ளும், ஒரே அனுபவத்திற்கு நேர்மாறான விடைகளைத் தேடும் குழுக்கள் உண்டு. அவற்றை அவர் தலைமுறை அலகுகள் என்றார். இதன்படி, இளைஞர் எல்லாரும் புதுமையின் பக்கமும் முதியோர் எல்லாரும் பழமையின் பக்கமும் நிற்பதாகக் கருதுவது பிழை. பின்னர்க் கூறப்படும் ஒரு வழக்கில் இக்கருத்தின் முழு எடையும் விளங்கும்.

3. முதுகுன்றத்தின் இரு நாயகியர்

விருத்தாசலம் என்னும் வடமொழிப் பெயருக்குப் பழைய மலை என்று பொருள், தேவாரம் இத்தலத்தைத் திருமுதுகுன்றம் என்று வழங்குகிறது, இறைவன் பழமலைநாதர். ஊர், மலை, இறைவன் மூன்றின் பெயரிலும் முதுமை நிற்கும் இவ்விடத்தில், அம்மனுக்கு மட்டும் இரண்டு சந்நிதிகள் உள்ளன. விருத்தாம்பிகை எனப்படும் பெரியநாயகிக்கு ஒன்று, பாலாம்பிகை எனப்படும் இளையநாயகிக்கு ஒன்று.

இரண்டாம் நாயகி தோன்றிய வரலாற்றைத் தலமரபு குருநமசிவாயரோடு தொடர்புபடுத்துகிறது. திருவண்ணாமலையில் குகை நமசிவாயரின் மாணவராக இருந்த அவர், சிதம்பரம் செல்லும் வழியில் இவ்வூரில் தங்கிப் பசியால் வாடியபோது, பெரியநாயகியைக் கிழத்தி என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினார் என்பதும், அம்மன் முதியவளாகத் தோன்றித் தள்ளாத கிழவியால் சோறு கொண்டுவர இயலுமா என்று வினவினாள் என்பதும், அதன்பின் அவர் இளமையோடு விளங்குபவளாகப் பாட அவள் இளநங்கையாக வந்து அமுதளித்தாள் என்பதும் அம்மரபு. கிழத்தி என்னும் சொல்லின் இரு பொருள்களும் இக்கதையில் மோதுவது கருதத்தக்கது. பாடியவர் உரியவள் என்னும் பொருளில் விளித்திருக்கலாம். கேட்டவள் முதியவள் என்று எடுத்துக்கொண்டாள். ஒரே சொல்லை இருவர் இரு காலத்துப் பொருளில் கேட்பதைவிடத் தலைமுறை இடைவெளிக்குத் துல்லியமான இலக்கணம் கிடைப்பது அரிது. இளையநாயகி வந்தபின் பெரியநாயகியின் சந்நிதியை ஊரார் மூடிவிடவில்லை என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

இத்தலத்தின் மற்றொரு வரலாறு கைமாற்றத்தைப் பற்றியது. இங்கு 12,000 பொன் பெற்ற சுந்தரர், அதனை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்னும் பழமொழி இதனோடு இணைத்தே பேசப்படுகிறது. பொன்னை ஆற்றில் இடுமுன் அவர் அதிலிருந்து மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சமாவது, பின்னர் மாற்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துவைக்கும் மாதிரித் துண்டு. குளத்தில் கிடைத்த பொன் அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்கப்பட்டபோது மாற்றுக் குறைந்திருந்தது என்றும், அவர் மீண்டும் பாடிய பின்னரே அது ஒத்துவந்தது என்றும் வரலாறு தொடர்கிறது. ஒரு தலைமுறை இட்ட இடத்தில் அடுத்த தலைமுறை எடுப்பதில்லை. வேறோர் ஊரில், வேறொரு நீர்நிலையில் எடுக்கிறது. எடுத்ததை உரைத்துப் பார்க்கும் உரிமையும் பெறுபவருக்கு உண்டு. அடியாரே இறைவன் தந்ததை உரைத்துப் பார்த்திருக்கிறார்.

இப்பகுதியை முடிக்குமுன் ஒரு பெயரைச் சுட்டுவது பொருந்தும். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஓர் எழுத்தாளருக்குப் பெற்றோர் இட்ட பெயர் விருத்தாசலம். அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் புதுமைப்பித்தன். பழைய மலை என்று அழைக்கப்பட்டவர் புதுமையின்மீது பித்துக் கொண்டவராகத் தம்மை அறிவித்துக்கொண்டபோதும், சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயரின் தலைப்பெழுத்தாகத் தந்தை சொக்கலிங்கத்தின் பெயர் நின்றுகொண்டுதான் இருந்தது.

4. சக்கரம், அச்சு, கைப்பேசி

அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் (1901–1978), தலைமுறை இடைவெளி பற்றி 1970இல் வெளியிட்ட நூலில் பண்பாடுகளை மூன்று வகையாகப் பிரித்தார். பிள்ளைகள் முன்னோரிடமிருந்தே எல்லாவற்றையும் கற்பது முதல் வகை; மூத்தோரும் இளையோரும் தத்தம் ஒத்த வயதினரிடமிருந்து கற்பது இரண்டாம் வகை; மூத்தோர் தம் பிள்ளைகளிடமிருந்தும் கற்க வேண்டியிருப்பது மூன்றாம் வகை. இவற்றை முன்னோர்வழிப் பண்பாடு, ஒப்பார்வழிப் பண்பாடு, பின்னோர்வழிப் பண்பாடு என்று தமிழில் வழங்கலாம். இம்மூன்றும் ஒரே ஊரில், ஒரே மூலப்பொருளைச் சுற்றி அடுத்தடுத்து அமைந்திருப்பதை விருத்தாசலத்தில் காண முடிகிறது. அந்த மூலப்பொருள், களிமண்.

குயவர் வீட்டுச் சக்கரம் முன்னோர்வழிப் பண்பாட்டுக்கு உரியது. எந்த ஏரியின் மண் பானைக்கு ஆகும், எத்தனை பங்கு மணல் சேர்த்தால் வெடிக்காது, சூளையை எப்போது மூட வேண்டும் என்பவை எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் கையிலிருந்து கைக்கு வந்தவை. அங்கே மூத்தவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை. ஏனெனில் மூத்தவரே நூலகம். அவ்வறிவு பிறப்பால் வரையறுக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது; அக்குடியில் பிறந்தவர் வேறு தொழிலுக்குப் போவதும், பிறர் அத்தொழிலுக்கு வருவதும் எளிதாக இருக்கவில்லை.

பீங்கான் தொழில் அந்தக் கட்டைத் தளர்த்தியது. நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கும் வெண்களியின் அண்மையால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை உருவாயிற்று. பொம்மைகள், தேநீர்க் குவளைகள், ஊறுகாய் ஜாடிகள், மின்சார ஃபியூஸ் கட்டைகள், அகல் விளக்குகள் ஆகியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகளும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் அளிக்கும் பயிலகமும் ஊரின் அடையாளங்களாயின. சக்கரத்தின் இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சும், கைப்பதத்தின் இடத்தில் களியும் குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் சேரும் எடைக்கணக்கும், தீயின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் கண்ணின் இடத்தில் வெப்பமானியும் வந்தன. தந்தை குயவராக இல்லாதவரும், களத்து வேலையிலிருந்து வந்த பெண்களும் இதனைப் பட்டறையில் உடன் வேலை செய்வோரிடம் கற்றுக்கொண்டனர். இது ஒப்பார்வழிப் பண்பாடு.

மூன்றாம் கட்டம் கைப்பேசியோடு வந்தது. நெகிழியும் வெளிநாட்டுப் பொம்மைகளும் சந்தையை நெருக்கும் காலத்தில், பொருளைப் படம்பிடித்து இணையத்தில் விற்பது, பணத்தைக் கைப்பேசியில் பெறுவது ஆகியவற்றைப் பட்டறை உரிமையாளர் தம் மகளிடமோ பேரனிடமோ கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. கற்பிக்கும் இடம் கைமாறும்போது மதிப்பின் இடமும் அசைகிறது. மூத்தோரின் எரிச்சலில் பாதி இந்த அசைவினால் வருவது. தமிழ் மரபு இந்நிலையை எதிர்பாராதிருந்ததில்லை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியதாக உள்ள 183ஆம் புறப்பாட்டு, ஒரு குடியில் பிறந்த பலருள் மூத்தவனை அழைக்காமல் அறிவுடையவன் வழியிலேயே அரசும் செல்லும் என்னும் கருத்தை முன்வைக்கிறது; பிள்ளைகளின் அறிவு பெற்றோருடையதைவிட மிகுவது உலகுக்கெல்லாம் இனியது என்பது குறளின் கருத்து.

பீங்கான் அச்சு வேலையில் உள்ள ஒரு நுட்பம் இங்குத் தனியே கருதத்தக்கது. நீரோடு கலந்து கூழாக்கிய களியை அச்சில் ஊற்றினால், அச்சின் நுண்துளைகள் நீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரை ஒட்டிக் களி ஓர் ஏடாகப் படிகிறது. வேண்டிய தடிமன் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவர். சற்று நேரத்தில் அந்த ஏடு நீரிழந்து சுருங்குகிறது. சுருங்குவதால் அச்சுக்கும் களிக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளி உண்டானால்தான் பொம்மை முழுதாக அச்சை விட்டு வெளியே வரும். அதற்கு முன்னரே எடுத்தால் உருக் குலையும். களி சுருங்க இடம்தராதபடி அச்சு இறுக்கிப் பிடித்திருந்தால் வெடிக்கும். காய்ந்து, சுட்டு முடிவதற்குள் பொருள் நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதற்கு மேலோ சுருங்கும் என்பதால், அச்சு செய்பவர் தொடக்கத்திலேயே அதைப் பெரிதாகச் செய்கிறார். வேறுபட்டுப் பிரியப்போகும் ஒன்றுக்காகவே அச்சு செய்யப்படுகிறது என்பது அத்தொழிலின் அடிப்படை அறிவு; பிள்ளை வளர்ப்பில் அவ்வறிவு அவ்வளவு எளிதாக ஏற்கப்படுவதில்லை.

சூளையில் சிதைந்த சரக்கும் வீணாவதில்லை. ஏற்கெனவே சுட்டு உடைந்த ஓட்டைப் பொடித்துப் புதுக் களியில் அளவாகச் சேர்த்தால், அப்பொடி மேலும் சுருங்காததால் புதுக் களியின் சுருக்கமும் வெடிப்பும் குறைகின்றன. பழையது தன் பழைய வடிவத்தை விட்டுப் பொடியாக இசைந்தால்தான் இது கூடும். முழு ஓடாகவே உள்ளே கிடந்தால் அதனைச் சுற்றித்தான் முதல் வெடிப்பு விழும்.

5. மணவுரிமை: கொடுக்க மறுத்தல்

கிழமை கைமாறுவதில் மிகக் கடினமான இடம் திருமணம். தொல்காப்பியம் உடையது என்னும் பொருள் தரும் ஆறாம் வேற்றுமையை விரிக்கும்போது, உடைமையையும் முறைமையையும், அதாவது பொருளுக்கும் உரியவருக்கும் உள்ள தொடர்பையும் உறவினர் இருவருக்கு இடையேயுள்ள தொடர்பையும், தனித்தனியே எண்ணுகிறது. என்னுடைய நிலம், என்னுடைய மகள் என்னும் இரு தொடர்களும் வடிவில் ஒன்றே ஆயினும் பொருளில் ஒன்றல்ல என்பதை இலக்கணம் அறிந்திருந்தது. மகளை நிலத்தைப் போல் உடைமையாகக் கருதும் குடும்பமும் சாதியும் அவ்வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 சூலையில் நடந்த கொலை, இந்த அழிவின் கடைசி எல்லை. தலித் சமூகத்தைச் சேர்ந்த, பொறியியல் பட்டம் பெற்ற இளைஞரும், வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த இளம்பெண்ணும் அவ்வாண்டு மே மாதத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்காக, நஞ்சு புகட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். கண்ணகி–முருகேசன் வழக்கு என்று நாடறிந்த இவ்வழக்கு 2004இல் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. 2021 செப்டம்பரில் கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, பெண்ணின் உடன்பிறந்தவருக்கு மரண தண்டனையும், தந்தையும் காவல்துறையினர் இருவரும் உள்ளிட்ட மற்றையோருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. கொலை நடந்த ஆண்டில் பிறந்த குழந்தை வாக்குரிமை வயதை எட்டும்போதுதான் முதல் தீர்ப்பே வந்தது.

இதனைத் தலைமுறை இடைவெளியின் விளைவு என்று மட்டும் கூறிவிட்டால் ஆராய்ச்சி பிழைபடும். மிகக் கடுமையான தண்டனைக்கு உள்ளானவர் முதியவர் அல்லர். கொலையுண்ட பெண்ணின் உடன்பிறந்தவர், அதாவது அவள் தலைமுறையைச் சேர்ந்தவர். மன்ஹைம் கூறிய தலைமுறை அலகு இங்கே கொடிய தெளிவோடு நிற்கிறது: ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்ந்த இருவருள் ஒருவர் தம் வாழ்வைத் தாமே தேர்ந்தார், மற்றவர் முன்னோரின் உடைமைக் கணக்கைத் தம் கையில் ஏந்தினார். இளமை தானாகவே எந்தப் பழங்கட்டையும் அவிழ்ப்பதில்லை. சாதி, தந்தையிடமிருந்து மகனுக்குக் குறையாத மாற்றோடு கைமாறும் சொத்தாகவே இருக்கிறது. இதில் மட்டும் தலைமுறை இடைவெளி போதாமல் இருப்பதுதான் சமூகத்தின் துயரம்.

சட்டம் இவ்வுரிமையைப் பலமுறை எழுதியிருக்கிறது. சடங்கும் புரோகிதரும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 1967இல் நிறைவேற்றியது. 1989 மார்ச் 25ஆம் நாள் முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று மாநிலச் சட்டத்திருத்தம் வகுத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 28ஆம் நாள், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த இருவர் மணந்துகொள்ள இசைந்தபின் குடும்பத்தின் ஒப்புதலோ குலத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவள் என்று ஏற்கப்பட்ட பெண், தன் துணையைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவள் என்பது வீட்டில் மட்டும் இன்னும் வழக்காடப்படுகிறது.

6. முதுமையின் கிழமை: பெற்றபின் கைவிடுதல்

மறுபக்கத்தையும் அதே கண்டிப்போடு நோக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர் 13.6 விழுக்காட்டினர், பெரிய மாநிலங்களுள் கேரளத்திற்கு அடுத்த நிலை இது. 2031இல் இது 18.2 விழுக்காடாகும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அதே நேரத்தில், ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை, 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8 ஆகக் குறைந்துவிட்டது. நான்கு பிள்ளைகள் முறைவைத்துத் தாயைப் பேணிய காலம் போய், ஒரே பிள்ளை சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு இரு வீட்டுப் பெற்றோரையும் பேண வேண்டிய காலம் வந்திருக்கிறது. கைவிடல் அனைத்தையும் கல்நெஞ்சத்தின் விளைவு என்று பழிப்பது இக்கணக்கைப் பாராதவர் கூற்று.

எனினும், சொத்தை எழுதி வாங்கும்வரை ஒருவிதமாகவும் வாங்கியபின் வேறுவிதமாகவும் நடப்போரும் உண்டு. அதற்காகவே நாடாளுமன்றம் 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009இல் வகுக்கப்பட்டன. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர் நேரே மனு அளிக்கலாம்; வழக்கறிஞர் வேண்டியதில்லை; விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பவும் வழியுண்டு; மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிடலாம். இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு கிழமையைப் பற்றியது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் ஒருவர் தானமாகவோ வேறு வகையிலோ எழுதிக்கொடுத்த சொத்தை, பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், அம்மாற்றம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லாமற்போவதாலேயே பல முதியவர் இடர்ப்படுகின்றனர். பெற்ற பிள்ளையிடம் போய்ப் பத்திரத்தில் நிபந்தனை போடுவதா என்னும் கூச்சமே அவ்வரியைத் தடுக்கிறது. சுந்தரர் இறைவனிடமே மச்சம் வெட்டி வைத்துக்கொண்டதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். கணக்கு வைத்திருப்பது அன்பின்மைக்கு அடையாளம் ஆகாது.

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் உள்ள கொளஞ்சியப்பர் கோயிலில் இதற்கு ஒத்த ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அநீதிக்கு ஆளானதாகக் கருதுவோர் தம் குறையை மனுவாக எழுதி, முருகனுக்கே பிராது கட்டுகின்றனர். பிராது என்பது நீதிமன்ற வழக்கிலிருந்து வந்த சொல். முறையீடு என்பது பொருள். குறை தீர்ந்தாலோ இருதரப்பும் இசைந்தாலோ, கட்டிய பிராதை முறைப்படித் திரும்பப் பெற வேண்டும். அதனை ராஜினாமா என்பர். எதிரியின் பெயரை எழுதும்போதே அதை அழிப்பதற்கான வழியையும் வகுத்துவைத்திருப்பது இவ்வழக்கத்தின் சிறப்பு. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் தாய், பெரும்பாலும் மகனைச் சிறைக்கு அனுப்ப விரும்புபவள் அல்லள். ராஜினாமா செய்யும் நாளை எதிர்நோக்கியே பிராது கட்டுபவள். சட்டத்தில் உள்ள சமரச ஏற்பாட்டை வெறும் சடங்காக முடிக்காமல் உண்மையாக நடத்துவதற்கு அலுவலர்கள் இதிலிருந்து கற்க இடமுண்டு.

7. முறை மாறுதல்

இதுவரை கண்ட இரு வழக்குகளும் எதிர்த்திசைகளில் நிற்பவைபோல் தோன்றினும், ஒரே பிழையின் இரு முகங்கள் ஆகும். மணவுரிமையை மறுத்தவர்கள், தம்முடையதல்லாத கிழமையை விட மறுத்தார்கள். பெற்றோரைக் கைவிடுபவர்கள், தமக்கு வந்த கிழமையோடு வந்த முறையை ஏற்க மறுக்கிறார்கள். முன்னதில் கிழமை கைமாறவில்லை. பின்னதில் கிழமை மட்டும் கைமாறி, கடமை வழியிலேயே நின்றுவிட்டது. ஆகவே தலைமுறை இடைவெளிக்கு மருந்தாக இளையோருக்குப் பணிவையும் மூத்தோருக்குப் பொறுமையையும் உபதேசிப்பது போதாது. எந்த உரிமை எந்த வயதில் யாரிடம் செல்ல வேண்டும், அதனோடு எந்தக் கடமை செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் சண்டை எழுவதற்கு முன்பே பேசி, வேண்டியவிடத்து எழுதி வைப்பதே பயன்தரும்.

இப்பேச்சுக்குரிய இடங்கள் பெரிய மேடைகள் அல்ல. பட்டறையில், நாற்பது ஆண்டு களி கலக்கியவர் தம் கைக்கணக்கைச் சொல்லச் சொல்லப் பயிலகத்து மாணவர் எழுதிக்கொள்வதும், அந்த மாணவர் இணையத்தில் விலை கேட்டு வரும் செய்திகளை மூத்தவருக்குப் படித்துக்காட்டுவதும் ஒரு கைமாற்றம். பத்திரப் பதிவுக்கு முன் நிபந்தனை வரியைக் கூச்சமின்றிச் சேர்ப்பதும், அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல் மகனும் மகளும் கையெழுத்திடுவதும் மற்றொரு கைமாற்றம். தன் மகள் தானே ஒருவரைத் தேர்ந்து வந்து நிற்கும்போது, கிழத்தி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழ் கொண்டிருந்த பொருளை ஒரு தந்தை நினைவுகூர்ந்து கதவைத் திறந்துவிடுவது எல்லாவற்றிலும் கடினமான கைமாற்றம்; முதுகுன்றத்து மண்ணில் அதற்கு இனியும் ஓர் உயிர் விலையாகக் கூடாது.

பழமலைநாதர் கோயிலில் பெரியநாயகியின் சந்நிதியிலும் இளையநாயகியின் சந்நிதியிலும் விளக்கு எரிகிறது. ஒரு சந்நிதியின் எண்ணெயை எடுத்து மற்றதற்கு ஊற்ற வேண்டும் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.